பந்தைக் கும்பிட்டவன்

காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக உத்திரமேரூர் போகும் டவுன் பஸ்ஸில் காலேஜ் நேரத்துக்கு ஏறினால், எது யார் கால் என்பது இறங்கும்போதுதான் தெரியும். அந்த நெரிசலிலும் குனிவதற்கு இடம் கண்டுபிடித்தவன் ஒருவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். யார்மேலாவது தன் கால் பட்டுவிட்டால் போதும், பட்ட இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். இது எல்லோரும் செய்கிறதுதானே என்பீர்கள். செய்கிறோம், சின்ன வயதில், அம்மா பார்த்துக்கொண்டிருந்தால். இவன் கண்டக்டருக்குச் செய்தான். சீட்டுக்கடியில் கால் கட்டிப் போட்டிருந்த கோழிக்குச் செய்தான். டிரைவர் பக்கத்தில் கிடந்த ஸ்டெப்னி டயருக்கும் ஒரு தடவை செய்தான். கோழி கையைக் கொத்தியது. அதன்மேலும் அவனுக்குக் கோபம் வரவில்லை.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டு, இன்னாத்துக்குடா இதெல்லாம் என்று கூச்சப்படுவான். காலேஜில் நாங்கள் வைத்த பேர் கும்புடு. நான் காஞ்சிபுரத்தில் ஏறுவேன், அவன் மாகறலில் ஏறுவான். ஆள் நல்ல ஆகிருதி. பஸ்ஸுக்குள் வந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அவ்வளவு பெரிய உடம்பைக் குறுக்கி, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, யாருக்கும் இடிக்காமல் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கும்பிடுவதில் அவனுக்கு ஒரு கணக்குப் பிழை இருந்தது. அடுத்தவர் இவன் காலை மிதித்தாலும் இவன்தான் தொட்டுக் கும்பிடுவான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன், மிதிச்சது அந்த ஆளு, நீ எதுக்குடா கும்புடுற என்று.

"தெர்லடா. கை அதுவா போவுது" என்றான்.

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். கை அதுவாகப் போகும். அந்தக் கையால் எங்கள் அணிக்கு வந்த சோதனைதான் கதை.

எங்கள் காலேஜுக்கு ஒரு மைதானம் இருந்தது. ஏரிக்கரையை ஒட்டி, பாதி நெருஞ்சி, பாதி மாடு. எங்கள் உடற்கல்வி ஆசிரியரைப் பி.டி. சார் என்போம். அவர் சென்னையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போனார். போனவர் சும்மா வந்திருக்கலாம். இரண்டு நீளமான பந்துகளையும் ஒரு கோணி நிறையப் பழைய ஹெல்மெட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். இனி நாம் ஆடப்போவது அமெரிக்கன் ஃபுட்பால் என்று அறிவித்தார். பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது. ஹெல்மெட்டுக்குள் எந்த ஊர் அண்ணனின் வேர்வையோ குடியிருந்தது. கபடி ஆடியவர்கள், வாலிபாலுக்கு உயரம் போதாதவர்கள், பிராக்டிஸ் என்று சொன்னால் வகுப்புக்குப் போகவேண்டாம் என்று கணக்குப் போட்ட என்னைப் போன்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் அணி ஆனோம். மாங்காய் அடித்துப் பழகிய கை என்பதால் பந்தை எறியும் வேலை எனக்கு வந்தது.

ஆட்டம் புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும், இல்லையென்றால் எறிந்து பிடிக்கவேண்டும். எதிராளிகள் மறித்துத் தள்ளிச் சாய்ப்பார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் ஆறு புள்ளி. காலுக்கு வேலை ரொம்பக் கொஞ்சம். ஆட்டம் தொடங்கும்போது ஓர் அணி பந்தை நிறுத்தி, எதிராளிகளை நோக்கி ஓங்கி உதைக்கவேண்டும். அப்புறம் எப்போதெல்லாம் புள்ளி எடுக்கிறோமோ அப்போதெல்லாம், எடுத்தவர்களே அப்படி உதைத்துப் பந்தை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். உதைத்த பந்து தூரமாய்ப் போய் விழுந்து உருண்டுகொண்டிருக்கும்போது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வழக்கமாக எதிராளிதான் எடுப்பான், ஏனென்றால் அவன்தான் அங்கே நிற்கிறான்.

முதல்நாள் எல்லோரையும் வரிசையாக உதைத்துப் பார்க்கச் சொன்னார் சார். என் பந்து பக்கவாட்டில் போய் வாட்ச்மேன் சைக்கிளைச் சாய்த்தது. கும்புடு ரொம்ப நேரம் தயங்கினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விட்டான். பந்து காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஏரிப்பக்கம் போய்விட்டது. சார் வாயைப் பிளந்துகொண்டு பந்து போன திசையையே பார்த்தார். நாங்கள் அவனைப் பார்த்தோம். அவன் பந்து போன வழியே ஓடிச் சுவரேறிக் குதித்து, அங்கே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

நீதான் உதைக்கிறவன் என்று சார் முடிவு செய்துவிட்டார். அவன் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் போட்டான்.

"ஒதைக்கிறன் சார். ஆனா தொட்டுக் கும்புட்டுட்டுதான் வருவேன்."

சார் அதைத் தமாஷ் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். தலையாட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்பது முதல் மேட்ச்சில் தெரிந்தது.

அந்த மேட்ச் சென்னையில். ஆட்டம் தொடங்கியது, உதைத்தான். பந்து எதிராளிகளின் தலைக்குமேல் போய் அவர்களுக்குப் பின்னால் விழுந்தது. இவன் அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, எதிராளிகள் திரும்புவதற்குள் பந்துக்குப் பக்கத்தில் போய்விட்டான். எடுடா எடுடா என்று நாங்கள் கத்துகிறோம். எடுத்தால் பந்து நமக்கு. அவன் குனிந்தான். இரண்டு விரலால் பந்தைத் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். நிம்மதியாகத் திரும்பி நடந்து வந்தான். பின்னாலிருந்து ஒருவன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு, இவனையே தாண்டி ஓடிப்போய் ஆறு புள்ளி எடுத்துவிட்டான். தாண்டும்போது அவன் கால் இவன்மேல் இடித்தது. அதற்கும் ஒரு கும்பிடு.

அது மட்டுமா? மோதிக்கொள்வதுதான் ஆட்டமே. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இவன் விழுந்தவனைத் தேடிப்போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். ஒரு சென்னைப் பையன், தன் இடுப்பில் எதையோ உருவ வருகிறான் என்று நடுவரிடம் புகார் செய்துவிட்டான். படுதோல்வி. திரும்பி வரும்போது பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியதும் சார் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவன் போட்டிருப்பது ஷூ, பந்தின்மேல் படுவது ஷூதான், கால் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"ஷூ காலு பட்டா இன்னும் பாவம் சார்" என்றான்.

சரி, கும்பிட்டுத் தொலை, கும்பிட்ட கையோடு பந்தை எடுத்துக்கொள்வதற்கென்ன என்றார் சார். அவன் அதிர்ந்துபோய்விட்டான். கும்பிட்ட பொருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எப்படி ஓடுவது என்று எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினோம். சாரும்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் அடுத்தடுத்த தோல்விகளுக்கு வெயில், மழை, ஹெல்மெட் நாற்றம் என்று ஆளுக்கொரு கோணல் கண்டுபிடித்தோம். அவனை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. இத்தனைக்கும் மறிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நான் பந்தோடு நிற்கும்போது என் முன்னால் அவன் நின்றால், சுவருக்குப் பின்னால் நிற்கிற தைரியம் எனக்கு வரும்.

இந்த நேரத்தில்தான் தாளாளர், அதாவது காலேஜ் முதலாளி, ஒரு குண்டைப் போட்டார். காலேஜ் பஸ்கள் வெயிலில் காய்கின்றன, மைதானத்தில் ஷெட் போடவேண்டும். இந்த சீசனில் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தால் அணி இருக்கட்டும். இல்லையென்றால் அணியும் கிடையாது, அணிக்கென்று ஃபீஸ் இல்லாமல் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் கிடையாது. எங்களுக்கெல்லாம் அதனால் போவது ஒரு விளையாட்டு. அந்த சீட்டில் படித்துக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான். அவனுக்குப் போவது படிப்பு. இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டு, அவனுடைய நைனாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

"அதுவும் வேலதானடா, இன்னா இப்போ" என்று சொல்லிச் சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில் புத்தகப் பையைக் கீழே வைப்பதை விட்டுவிட்டான். உட்கார இடம் கிடைத்தால் மடியில். கிடைக்காவிட்டால் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். எனக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

நாலாவது மேட்ச்சும் தோற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மாகறலில் ஊரைத் தாண்டி, செய்யாற்றைப் பார்த்த மாதிரி இருக்கும் காலனி வீடு. அவன் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எனக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே மகனைப் பற்றிக் கேட்டார். அணியின் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது வவுத்துல இருக்கச்சொல்லவே ஒதைக்காதுபா. கம்முனு கெடக்கும். எனக்கு பேஜாராப் பூடும். நர்ஸம்மா வந்து வந்து தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க. அத்தப் போயி ஒதைக்கிற ஆட்டத்துல வுட்டுக்கிறீங்களே" என்றார்.

சாப்பிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தோம். ஊருக்குள்ளிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். நிலத்துக்காரர். வண்டியை நிறுத்திக் காலை ஊன்றியபோது, செருப்புக் கால் கீழே உட்கார்ந்திருந்த இவன் தோளில் பட்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு நாற்றுப் பறிக்க ஆள் வேண்டும் என்று அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் கை அதுவாகப் போய் அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணுக்கு வந்தது. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அவன் கும்பிடுவதைப் பார்த்துச் சிரித்தே பழகிவிட்டேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த ஆள்மேல் கோபம்தான் வந்தது.

"உன்மேல எவ்ளோ பேர் கால் பட்டிருக்கு. ஒருத்தராவது உன்னத் தொட்டுக் கும்பிட்டிருக்காங்களாடா?" என்று கேட்டேன்.

அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். அப்புறம், மீன் இன்னும் இருக்கிறது, இரவுக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றான்.

கடைசி மேட்ச் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. வந்தது சென்னையிலிருந்து ஒரு பெரிய காலேஜ். தனி பஸ், புது ஹெல்மெட், பீய்ச்சிக் குடிக்கத் தனி பாட்டில். தாளாளர் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்டத்தைவிட மைதானத்தின் நீள அகலத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். கும்புடுவின் புகழ் எங்களுக்கு முன்னாலேயே ஊர் சுற்றிவிட்டிருந்தது. யாரோ செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் உதைத்துவிட்டு ஓடும்போதெல்லாம் எதிராளிகள் பந்தைச் சுற்றி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, கும்பிட்டு முடிக்கும்வரை மரியாதையாக வழிவிட்டார்கள். முடிந்ததும் சிரித்துக்கொண்டே எடுத்து ஓடினார்கள்.

ஆனாலும் அன்றைக்கு எங்களுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. அடிக்கு அடி ஆடினோம். முடியப்போகிற நேரத்தில் ஆறு புள்ளி எடுத்தோம். எடுத்தும் நாலு புள்ளி பின்னால் இருந்தோம். இனி நாங்கள் உதைக்கவேண்டும், பந்து அவர்களுக்குப் போகும், போனால் மீதி இருக்கிற கொஞ்ச நேரத்தை அவர்கள் மெதுவாக ஆடியே கழித்துவிடுவார்கள். அணி, மைதானம், அவன் படிப்பு எல்லாம் அத்தோடு தீர்ந்தது. சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கும்புடு பந்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஓடிப்போய் அவன் காதில் சொன்னேன்.

"டேய், இத்தினி மேட்ச்சா இத்த ஒதைச்சிக்கினு கீற. ரெண்டு விரல்ல தொட்டா தீந்துடுமா? இன்னிக்கு வுழுந்து கும்புடு."

அவன் என்னைப் பார்த்தான். "வுழுந்தா? அது சாமிக்குத்தானடா?"

"இன்னிக்கு இதான்டா சாமி. சாஷ்டாங்கமா வுழு. நெஞ்சுக்கடியில வெச்சிக்க. கால் புடிக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்க. மன்னிச்சிடுச்சின்னு மனசுக்குப் படற வரைக்கும் ஏந்திரிக்காத."

அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். தலையாட்டினான்.

உதைத்தான். ஓடினான். எதிராளிகள் வழக்கம்போல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருவன், வாங்க சாமி என்று கையைக் காட்டி வழிகூட விட்டான். அந்தப் பெரிய உடம்பு, ஏரியில் எருமை இறங்குகிற மாதிரி, பந்தின்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் அத்தனை பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள். இழுத்தார்கள், புரட்டினார்கள், விரலைப் பிரித்தார்கள். விசில் ஊதி நடுவர் ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தபோது, அடியில் அவன் ஹெல்மெட்டோடு நெற்றியைப் பந்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தான். பந்து எங்களுக்கு என்று நடுவர் கை காட்டினார். சார் ஓடிவந்து, போதும் எழுந்திருடா என்றார்.

"இருங்க சார். நாலு மேட்ச்சு பாக்கி கீது" என்றான் கண்ணைத் திறக்காமல்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. முதல் எறி வீண். இரண்டாவது எறிக்கு அவன் எனக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றான், ஒரு கை வீங்கி இருந்தது. நான் மாங்காய் அடிக்கிற மாதிரி விட்டேன். எங்கள் அணியின் சாலவாக்கத்து நெட்டைப் பையன் ஒருவன் கோட்டுக்கு அந்தப்பக்கம் எம்பிப் பிடித்துவிட்டான். ஜெயித்தோம். தாளாளர் குடையை மடக்கிக்கொண்டு போனார். ஷெட் பிறகு கேண்டீனுக்குப் பின்னால் வந்தது. கும்புடு டிகிரி முடித்தான். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர்.

அவனைத் தோளில் தூக்கப் போனோம். தூக்கினால் தன் கால் எங்கள் நெஞ்சில் படும் என்று ஓடியே போய்விட்டான். விரட்டிக்கொண்டு போனபோது எதிர் அணியில் ஒருவன் குறுக்கே வந்து நின்றான். இவனைவிட ஒரு சுற்றுப் பெரியவன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் நினைத்தோம்.

"கையக் காட்டு. கீழ கெடக்கறப்போ நான்தான் மிதிச்சேன்" என்றான்.

இவன் நீட்டினான். புறங்கையில் ஷூவின் ஆணித் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தப் பையன் குனிந்து அதை இரண்டு விரலால் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். சின்ன வயதில் செய்தது, மறந்து போய் ஞாபகம் வந்த மாதிரி, அரைகுறையாகத்தான் செய்தான். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர்களுடைய பஸ்ஸைப் பார்க்க நடந்தான். எங்கள் ஆள் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான். எப்போதும் அதுவாகப் போகிற கை அன்றைக்குப் போகவில்லை.

சாயங்கால டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"அவன் கும்புட்டது என்னியவாடா?"

"உன்னியத்தான்டா" என்றேன்.

அடுத்த ஸ்டாப்பிங்கிலும் கேட்டான். அதற்கடுத்ததிலும் கேட்டான். நானும் சலிக்காமல் அதையே சொன்னேன். மாகறல் வந்தது. படிக்கட்டுப் பக்கம் நல்ல நெரிசல். இறங்கப் போனவனின் காலை, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நன்றாக மிதித்துவிட்டார். என் கண்ணால் பார்த்தேன், அவன் குனியவில்லை. நின்று அவர் கையைப் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையையே, வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"எறங்குபா, வழியில நின்னுக்கினு" என்றார் அவர்.

அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீங்கிய கையால் புத்தகப் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கிப் போனான்.